பின் சீட்டுக்குப் போன ஆரோக்கியசெல்வி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் கரும்புத் தோட்டத்தில்தான் இருந்தேன். இன்றைக்கு என் பெயரில் இரண்டு டூரிஸ்ட் பஸ் ஓடுகிறது. கிருமாம்பாக்கத்தில் இறங்கி டூர் மாரிமுத்து வீடு எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போவார்கள். டிரைவர் பக்கத்தில் நின்று நான் மைக்கைப் பிடித்தால் எந்தக் கோயிலை எந்த ராஜா கட்டினான், எந்தத் தூணில் என்ன சிற்பம், எந்த நடையை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், அத்தனையும் தாளைப் பார்க்காமல் சொல்லுவேன். ஒரு தடவை காலேஜ் வாத்தியார் ஒருவர், சரித்திரம் எங்கே படித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். கிளீனராகப் பஸ் கழுவிக்கொண்டிருந்தபோது பெரிய கைடுகளுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு போய்க் காதால் படித்தது என்றேன். அவர் கடைசிவரை நம்பவில்லை.

என்னைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே போகலாம். இது ஆரோக்கியசெல்வியைப் பற்றியது. என் வண்டியில் ஏறி இறங்கிய ஆயிரக்கணக்கான ஜனங்களில் எனக்கே ஒன்றைக் கற்றுக்கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

செல்வி அரியூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பன் ஆத்தாள் இரண்டு பேரும் கூலிக்கு நடவு நட்டவர்கள், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். பத்தொன்பது வயதில் பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்ட வந்த கூட்டத்தில் வந்தாள். அங்கே டிராக்டர் ஓட்டியவன் குழந்தைவேல், எங்கள் ஊரில் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பிள்ளை. கட்டு எண்ணப் போனவன் இவளைப் பார்த்துவிட்டான். வேறு சாதி, வேதக்காரப் பெண். வீட்டில் ஒத்துக்கொள்வார்களா? இரண்டு பேரும் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த ஆபீசைப் பெரியவர்கள் மேரி என்று பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரில்தான் சொல்லுவார்கள். மேரியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். குழந்தைவேல் வகையறா அதற்காக என்னை அடிக்க ஆள் தேடினார்கள். நான் பயப்படுகிற ஜாதகம் இல்லை.

குழந்தைவேலின் அப்பா மகனுக்கு அரைக் காணியும், ஊர்க் கோடியில் போர்செட் பக்கம் வீடு கட்டிக்கொள்ள இடமும் கொடுத்தார். அதோடு சரி. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடையாது. சாவு என்றால் சொல்லி அனுப்புவது கிடையாது. முப்பத்தோரு வருஷம் அப்படியே போனது. செல்வி இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றினாள், பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிற வேலைக்குப் போனாள். ஒரே மகன் கலைவேந்தனை ஐடிஐ படிக்க வைத்தாள். கழுத்தில் தாலியும் ஜெபமாலையும் சேர்ந்தே கிடக்கும். வெள்ளிக்கிழமை விளக்கும் ஏற்றுவாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போவாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம், ஊரில் தீமிதிக்குக் காப்புக் கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு, குழந்தைவேல் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தான், போய்விட்டான். பங்காளி செத்தால் வகையறா முழுவதற்கும் தீட்டு. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை யாரும் கோயில் படி மிதிக்கக் கூடாது. இது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மூன்றாம் நாள் அந்த வகையறா ஆண்கள் வரிசையாகப் போய் நின்று காப்புக் கட்டிக்கொண்டார்கள். செத்தவன் எங்களுக்கு எந்த உறவும் இல்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. செல்வி கோடி வீட்டு வாசலில் நின்று பம்பைச் சத்தத்தைக் கேட்டாள்.

இனி டூருக்கு வருகிறேன். போன புரட்டாசிக் கடைசியில் மூன்று நாள் டூர் போட்டேன். சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில், கும்பகோணத்தில் தங்கல், இரண்டாம் நாள் திருக்கருகாவூர், தஞ்சாவூர், மூன்றாம் நாள் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், வீடு. சமையல்காரன், கேஸ் அடுப்பு, அண்டா எல்லாம் நம் வண்டியிலேயே வரும். ஐம்பது சீட்டில் பதினைந்து அந்த வகையறா எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குத் தலைமை மகாலட்சுமி. குழந்தைவேலின் கூடப்பிறந்த அண்ணன் மனைவி, அதாவது செல்விக்கு ஓரகத்தி. கணவன் வராவிட்டாலும் இவள் வந்தால் பத்துப் பேர் வருவார்கள், அப்படிப்பட்ட வாய்.

செல்வி தனியாக வந்து சீட்டுக் கேட்டாள். அவளுடைய மருமகள் இளவரசிக்கு இரண்டு தடவை கரு நிற்காமல் போய்விட்டது. மூன்றாவது இப்போது ஏழாம் மாதம். திருக்கருகாவூர் அம்மன் கோயிலில் சுகப் பிரசவத்துக்கு எண்ணெய் கொடுப்பார்கள், வயிற்றில் தடவுவதற்கு. தானே போய்த் தன் கையால் வாங்கி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். கலைவேந்தன் பைக்கில் போய் வாங்கி வருகிறேன் என்றதற்கு, நீ வேண்டிக்கொள்ளவில்லை, நான்தான் வேண்டிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டாளாம். நான் அவளுக்கு டிரைவருக்குப் பின் சீட்டில் ஜன்னல் ஓரம் போட்டேன். முன்னால் உட்கார்ந்தால் பங்காளிகள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. தன் பையை வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. சிதம்பரத்தில் நான் சொன்னதைக் கேட்க வேறு பஸ்காரர்களும் வந்து நின்றார்கள்.

இரண்டாம் நாள் காலை பத்தரைக்குத் திருக்கருகாவூர் சேர்ந்தோம். எல்லோரும் சத்திரத்தில் குளித்துவிட்டுத் தலையில் ஈரத்தோடு இருந்தார்கள். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருக்கும்போது மகாலட்சுமியின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவள் மார்பில் அடித்துக்கொண்டாள். சின்ன மாமனார் பச்சையப்பன், எண்பத்து மூன்று வயது, காலையில் டீ குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, பெய்துவிட்டால் சுடுகாட்டுப் பாதையில் இறங்க முடியாது, இரண்டு மணிக்கெல்லாம் எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பஸ் போய்ச் சேராது. கார் போனால் ஒருவேளை முகம் பார்க்கலாம். பத்து நிமிஷத்தில் நான் ஒரு காரைப் பிடித்து அந்த வகையறாவின் நான்கு ஆண்களையும் ஏற்றி அனுப்பினேன். வேறு எந்த டூர்காரனுக்கும் அந்த ஊரில் பத்து நிமிஷத்தில் கார் கிடைக்காது. மிச்சம் பதினொரு பெண்கள். அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கோயிலுக்கு வந்து வாசலில் தீட்டு.

இதற்குள் முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, குளித்துவிட்டு வந்திருக்கிறோம், தீட்டுக்காரர்கள் இடித்துக்கொண்டே வந்தால் நாங்கள் எப்படி உள்ளே போவது என்று சட்டம் பேசினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பதினொரு பேரையும் கடைசி இரண்டு வரிசைக்கு மாற்றினேன். பை, தலையணை, தண்ணீர் பாட்டில் எல்லாம் கைமாறிப் பின்னால் போனது.

அப்புறம் நான் மைக்கைப் பிடித்தேன். நடை பன்னிரண்டரைக்குச் சாத்திவிடுவார்கள் என்கிற அவசரம் எனக்கு.

“பங்காளிங்க வண்டியிலயே இருங்க. மத்தவங்க எறங்குங்க. செல்வி, நீ மொதல்ல எறங்கு, ஒனக்கு ஒண்ணும் கெடையாது.”

நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனால் மைக்கில் சொன்னது தப்பு. நான் தப்பு என்று ஒத்துக்கொள்வது அபூர்வம், இதை ஒத்துக்கொள்கிறேன்.

செல்வி எழுந்தாள். கையில் மஞ்சள் பை. அதில் தேங்காய், நெய் பாட்டில், இளவரசியின் பெயரும் நட்சத்திரமும் எழுதிய சீட்டு. படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டாள். பின்னாலிருந்து மகாலட்சுமியின் குரல் வந்தது.

“போ, போ. ஒனக்கு இன்னா தீட்டு? போய் ஒம் மருமவளுக்கு எண்ணெய வாங்கு.”

அது தயவா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்திருக்கும். அழுத வாய், கோபம் வேறு. செல்வி ஒரு கால் படியிலும் ஒரு கால் வண்டியிலுமாக நின்றாள். கோயில் கோபுரம் நேர் எதிரே தெரிகிறது. எண்ணி நூறு அடி இருக்காது. இறங்கிப் போனால் எண்ணெய் கையில். ஆனால் அத்தனை பேர் பார்க்க, பச்சையப்பன் எனக்கு எந்த உறவும் இல்லை, நான் அந்த வகையறா இல்லை என்று தானே சொல்லிவிட்டு இறங்கின மாதிரி ஆகும். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது.

காலை மேலே எடுத்தாள்.

“எனக்கும் தீட்டுதாண்ணா.”

சொல்லிவிட்டு நடுவழியில் பின்னால் நடந்தாள். குளித்த ஜனங்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். கடைசி வரிசைக்குப் போய், “கொஞ்சம் தள்ளிக்கோங்கக்கா” என்றாள்.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டாள் மகாலட்சுமி.

யாரோ ஒருத்தி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். செல்வி அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

மற்றவர்களைக் கோயிலுக்குள் விட்டுவிட்டு நான் திரும்பி வந்து ஜன்னல் பக்கம் நின்று அவளைத் திட்டினேன். பைத்தியமா பிடித்திருக்கிறது, இவ்வளவு தூரம் எதற்கு வந்தாய், குழந்தைவேல் செத்தபோது இவர்கள் யார் தீட்டுக் காத்தார்கள் என்றெல்லாம் மெதுவாகத்தான் கேட்டேன், ஆனால் என் மெதுவும் நாலு வரிசைக்குக் கேட்கும். கடைசியில், சரி, சீட்டைக் கொடு, நான் உள்ளே போய் வாங்கி வருகிறேன் என்றேன்.

“வாணாண்ணா. என் கையால வாங்குறேன்னு சொல்லிட்டேன். நீ வாங்கியாந்தா அது டூர் எண்ணெ” என்றாள்.

பின் வரிசையில் ஒரு கிழவி சிரித்துவிட்டாள். சாவுச் சேதி வந்து அரை மணி ஆகவில்லை, சிரித்ததற்காக வாயில் அடித்துக்கொண்டாள். பன்னிரண்டரைக்கு நடை சாத்தியது. கோயில் கதவை செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி கிளம்பின பிறகும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தஞ்சாவூரில் எனக்கு வேறு தலைவலி. முப்பத்தி மூணு பேர் பெரிய கோயிலுக்குள் போகிறார்கள், பன்னிரண்டு பேரை என்ன செய்வது? வேறொருவன் என்றால் வண்டியிலேயே அடைத்து வைத்திருப்பான். நான் முதலில் அவர்களைக் கோட்டைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, வெளியிலிருந்தே விமானத்தைக் காட்டி முழுக் கதையும் சொன்னேன். பிறகு அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கலைக்கூடம் இருக்கிறது, பழைய காலத்து வெண்கலச் சிலைகள் வரிசையாக நிற்கும்.

வாசலுக்கு வந்ததும் பெண்கள் நின்றுவிட்டார்கள். உள்ளே இருப்பது சாமிதானே, சாமி என்றால் தீட்டு உண்டா இல்லையா? இந்தக் கேள்வியை எந்தப் படித்த கைடும் கேட்டிருக்க மாட்டான். நான் யோசித்தேன். டிக்கெட் வாங்கினால் விடுகிறார்கள், விளக்கு இல்லை, பூ இல்லை, கற்பூரம் இல்லை, சாயங்காலம் ஆனால் வாட்ச்மேன் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். ஆகவே பூசை இல்லை, பூசை இல்லாவிட்டால் தீட்டும் இல்லை, தைரியமாகப் போங்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். போனார்கள். ஆனாலும் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு போகவில்லை.

உள்ளே ஒரு அம்மன் சிலை, ஆள் உயரத்தில் முக்கால் இருக்கும், இடுப்பை லேசாக ஒடித்து நிற்கும். மகாலட்சுமி அதன் எதிரே நின்று கையைக் கூப்பப் போனவள், ஞாபகம் வந்து, கூப்பின கையை அப்படியே முந்தானையில் துடைத்துக்கொண்டாள். செல்வி பக்கத்தில் வந்து நின்றாள். நான் பின்னால் தூண் ஓரம் இருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

“ஒன் வூட்டுக்காரு செத்தப்ப நாங்க காப்புக் கட்டிக்கினோம்” என்றாள் மகாலட்சுமி, சிலையைப் பார்த்தபடியே.

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சும் இன்னாத்துக்கு இப்ப வந்து எங்களோட குந்திக்கின? எண்ணெ போச்சில்ல?”

செல்வி அவள் பக்கம் திரும்பினாள்.

“நீங்க செஞ்சதையே நானும் செஞ்சா, எம் புள்ள யாருக்குப் பங்காளிக்கா?”

மகாலட்சுமி அடுத்த சிலைக்கு நகர்ந்தாள். அவ்வளவு பெரிய வாய் மூடியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாளும் அப்படியே போனது. தாராசுரத்தில் மழை. மற்றவர்கள் தேர்ச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தப் பன்னிரண்டு பேரும் சமையல்காரன் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து இட்லி தின்றார்கள். செல்வியைச் சீண்டும் பேச்சும் கொஞ்சம் உண்டு, உங்கள் மாதாவுக்குத் தீட்டு எத்தனை நாள் என்று ஒருத்தி கேட்டாள். அங்கே அந்தக் கணக்கே கிடையாது, இந்தப் பக்கம் வாக்கப்பட்டுத்தான் இந்த வம்பெல்லாம் என்று செல்வி திருப்பிச் சொல்லியிருக்கிறாள். சிரித்திருக்கிறார்கள்.

ஊருக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தோம். பெண்கள் தெருமுனையில் இறங்கி அப்படியே சாவு வீட்டுக்கு நடந்தார்கள். செல்வி கடைசியாக, நாலடி விட்டு வந்தாள். போகலாமா, வாசலோடு நின்றுவிடலாமா என்று அவள் நடையிலேயே தெரிந்தது. மகாலட்சுமி அந்த வீட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். செல்வி வந்து சேருகிறவரை உள்ளே போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். பிறகு பெண்கள் கட்டிக்கொண்டு அழும் சத்தம் தெருவுக்குக் கேட்டது. அதில் செல்வியின் குரலைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கலைவேந்தனைக் கூப்பிட்டது மகாலட்சுமியின் கணவர். ஏரிக்கரையில் பங்காளிகள் மொட்டை போட வரிசையாக உட்கார்ந்தபோது அவனும் உட்கார்ந்தான். இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னும் அவர்கள் பேசுவதில்லை. பச்சையப்பனின் மூத்த மகன் போகிறவர்களைத் தடுக்கவும் இல்லை, கலைவேந்தனை எழச் சொல்லவும் இல்லை. சவரம் செய்கிறவரிடம், அடுத்தது இவன் என்று மட்டும் சொன்னார். நானும் அங்கே இருந்தேன், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

பதினெட்டாம் நாள் என்னுடைய சொந்தக் காரில் செல்வியைத் திருக்கருகாவூருக்கு நானே கூட்டிப்போனேன். கார் கிளம்பும் நேரத்தில் மகாலட்சுமி ஒரு கூடை பூவோடு வந்து, கேட்காமலே பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். செல்வி எண்ணெயைத் தன் கையாலேயே வாங்கினாள். பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு, கார் வீட்டு வாசலில் நிற்கிறவரை அந்த முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

அரையாண்டு லீவில் அறுபடை வீடு டூர் போட்டேன், ஐந்து நாள். அந்த வகையறாப் பெண்கள் மறுபடியும் மொத்தமாகச் சீட்டுப் போட்டார்கள். மகாலட்சுமிதான் வந்து பெயர் கொடுத்தாள். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

“மாரிமுத்தண்ணா, இளவரசிக்கு ராத்திரி பொண்ணு பொறந்துக்குது. தாயும் புள்ளையும் நல்லா இருக்குதுங்க. எங்க சீட்டெல்லாம் கேன்சல் பண்ணிடு. எங்களுக்குப் புள்ளத் தீட்டு.”

பிள்ளை பிறந்தாலும் பங்காளிகளுக்குத் தீட்டு உண்டு, கோயிலுக்குப் போகக் கூடாது. எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். மூன்று நாளில் சீட்டுக்கு ஆள் பிடிப்பது என்றால் சும்மாவா? என்னால் முடியும், அது வேறு விஷயம். லிஸ்ட்டை எடுத்துப் பேனாவைத் திறந்து, எத்தனை பேர், பதினொன்றுதானே என்று கேட்டேன்.

“பன்னெண்டு. செல்விய வுட்டுட்டு எண்ணாதண்ணா” என்றாள் மகாலட்சுமி.

பன்னிரண்டு பெயரையும் அடித்தேன்.